கடல் கொண்டு போன மணலுக்குக் காசு யாருடையது?

தேவாரத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? தேனி மாவட்டத்தில் ஏலமலையின் அடிவாரத்து ஊர் அது. விடியுமுன் ஜீப் ஏறி மலைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற ஜனங்கள், ஆடி அமாவாசைக்கு ராமேசுவரமோ, முருகனை நினைத்துத் திருச்செந்தூரோ போனால்தான் அலையைப் பார்ப்பார்கள். ஆனாலும் சம்பந்தம் இருக்கிறது. பக்கத்துப் போடிநாயக்கனூரில் ஏலம் போகிற ஏலக்காய்க்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய் வரி உண்டு. இப்படி நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் திரண்டு மத்திய சர்க்காரின் கஜானாவுக்குப் போன பணத்திலிருந்துதான், புதுச்சேரியில் காணாமல் போன கடற்கரையைத் திரும்பக் கொண்டுவருவதற்குச் சுமார் 25 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று உருவாயிற்று.

உல்லாசப் பிரயாணிகள் காற்று வாங்க, மலையடிவாரத்துக்காரன் மணல் வாங்கிக் கொடுப்பதா என்று யாரேனும் கேட்டால், அதைக் குதர்க்கம் என்று தள்ளிவிட முடியாது. நியாயமான கேள்விதான். ஆனால் மணல் எப்படிப் போயிற்று என்று தெரிந்துகொண்ட பிறகே அதற்கு விடை சொல்ல முடியும்.

மணலும் நடக்கும்

கடற்கரை மணல் ஒரே இடத்தில் படுத்துக் கிடப்பதாகத்தான் பார்ப்பவர் கண்ணுக்குத் தோன்றும். உண்மை அதுவல்ல. அலை கரையை நேராக வந்து மோதுவதில்லை. சற்றே சாய்ந்து மோதுகிறது. ஒவ்வொரு மோதலிலும் ஒரு பிடி மணல் பக்கவாட்டில் நகர்கிறது. சோழமண்டலக் கரையில் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது தெற்கே திரும்பும். வருஷக் கடைசியில் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அதுவும் லட்சக்கணக்கான கன மீட்டர்!

இந்த மணல் பிறந்த இடமோ மலை. மழை கரைத்த மண்ணை ஆறு உருட்டிக்கொண்டு வந்து கடலில் கொடுக்க, கடல் அதைக் கரையோரம் பரப்புகிறது. பெண்ணையாற்றுக்குக் குறுக்கே 1950களில் கிருஷ்ணகிரியிலும் சாத்தனூரிலும் அணைகள் எழுந்தன. தேவாரத்துச் சரிவில் பெய்யும் மழைக்கும் இதே கதைதான்: ஓடைகள் வழியே முல்லையாற்றில் சேர்ந்து, 1959ல் திறக்கப்பட்ட வைகை அணையில் வந்து நிற்கிறது. தண்ணீர் பாசனத்துக்குப் போகிறது. மண் அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அணை வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடலுக்கு வந்துகொண்டிருந்த வரும்படி குறைந்துபோனது என்பது மட்டும் நினைவிருக்க வேண்டும்.

பாண்டியில் நடந்தது

பிரெஞ்சுக்காரர்கள் 1866ல் புதுச்சேரியில் கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் கட்டினார்கள். அது தூண்களின் மேல் நின்றது. மணல் அதன் கால்களுக்கிடையே தன் பாட்டுக்கு நடந்து போயிற்று. 1952 புயலில் அந்தப் பாலம் விழுந்தது. பிறகு 1980களின் பிற்பகுதியில், அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில், துறைமுகத்துக்காகக் கடலுக்குள் இரண்டு கற்சுவர்களை நீட்டினார்கள். 1989ல் வேலை முடிந்தது. வடக்கே நடந்துகொண்டிருந்த மணலுக்கு வழி அடைபட்டது. துறைமுகத்துக்குத் தெற்கே மணல் குவிய, வடக்கே நகரத்தின் கரை பட்டினி கிடந்தது. கடற்கரைச் சாலைக்குக் கீழே ஓடி விளையாடிய மணற்பரப்பு சில வருஷங்களில் கரைந்தே போயிற்று.

இப்படி ஆகும் என்று முன்பே தெரியாதா? நன்றாகத் தெரியும். சென்னையில் 1876ல் துறைமுக வேலை தொடங்கிய பிறகு அதன் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்துதான் இன்றைய மெரினா இவ்வளவு அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. ஆகவே புதுச்சேரித் துறைமுகத் திட்டத்திலேயே, தெற்கே சேரும் மணலை வாரி வடக்கே தள்ளுகிற ஏற்பாடும் இருந்தது. லாரியில் நடக்கிற மணல் கடத்தல் அல்ல இது; சட்டப்படியான கடத்தல்! அது ஒழுங்காக நடக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கரை நெடுகக் கருங்கற்களைக் கொட்டினார்கள். கல் சாலையைக் காப்பாற்றியது, மணலை மீட்கவில்லை.

உல்லாசப் பிரயாணிக்குப் போனது ஒரு மாலை நேரப் பொழுதுபோக்கு. வைத்திக்குப்பம், குருசுக்குப்பம், சோலை நகர் மீனவர்களுக்குப் போனதோ தொழிற்சாலை. படகை ஏற்றி நிறுத்த, வலையை உலர்த்திச் செப்பனிட, கரைவலை இழுக்க, மீனைக் காயப்போட எல்லாவற்றுக்கும் மணல்தான் வேண்டும். கற்குவியலின் மேல் படகு ஏறுமா?

இரும்பு ஆப்பு

மத்திய சர்க்காரின் புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் 2018ல் ஒரு புது உபாயத்தோடு வந்தார்கள். ஆப்பு வடிவத்தில், சுமார் 900 டன் எடையுள்ள பிரம்மாண்டமான இரும்புப் பெட்டியைச் செய்து, தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இறக்கினார்கள். அலை அதன்மேல் மோதி வேகம் இழக்கிறது. வேகம் இழந்த தண்ணீர் சுமந்து வந்த மணலை அங்கேயே போட்டுவிடுகிறது. அத்துடன் துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கொண்டு வந்து சேர்த்தார்கள். 2019ல், முப்பது வருஷத்துக்குப் பிறகு, புதுச்சேரி நகரத்தார் தங்கள் சொந்தக் கரையில் மணலை மிதித்தார்கள். அந்த மணலில் முதன்முதலாகக் கால் வைத்த இளைஞர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

இங்கே தேவாரத்துக் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. இந்தப் பணம் பிரயாணிகளுக்குக் கொடுத்த பரிசு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சர்க்கார் கட்டிய துறைமுகத்தால் போனதைச் சர்க்கார் ஈடு செய்வது கடன் தீர்ப்பதைப் போன்றது. ஆனால் கடன் என்றால் எல்லாக் கடன்காரர்களுக்கும் அல்லவா கொடுக்க வேண்டும்?

அங்கேதான் சங்கடம். மணல் முதலில் வந்தது தலைமைச் செயலகத்துக்கு எதிரே, பிரயாணிகள் உலவும் இடத்தில். வடக்கே தமிழ்நாட்டு எல்லைக்குள், விழுப்புரம் மாவட்டத்தில், தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஒவ்வொரு குப்பமாக அரிப்பு நகர்ந்துகொண்டே போயிருக்கிறது. ஓரிடத்தில் கல் போட்டால் அதற்கு அடுத்த ஊர் கரைகிறது. பொம்மையார்பாளையத்தில் வீடுகளே அலையில் விழுந்தன.

பிற நாட்டார் இதில் இரண்டு விஷயங்களில் கண்டிப்பாக இருக்கிறார்கள். அமெரிக்காவில் மயாமி கடற்கரையில் 1976 முதல் 1981 வரை சுமார் 10 மைல் நீளத்துக்கு மணல் கொட்டினார்கள். அந்நாட்டில் மத்தியப் பணம் வேண்டுமானால், அந்தக் கரையில் பொதுஜனங்கள் தடையின்றி வந்துபோக வழி இருக்க வேண்டும். விடுதி வேலிக்குள் அடைபட்ட மணலுக்குப் பொதுப்பணம் கிடையாது. டச்சுக்காரர்களோ, 1990ல் கரை எங்கே இருந்ததோ அங்கேயே அதை வைத்திருப்பது என்று முடிவு செய்து, வருஷந்தோறும் ஒரு கோடி கன மீட்டருக்கு மேல் மணல் போட்டு வருகிறார்கள். அவர்களுக்கு அது வீட்டுக்கு வெள்ளையடிப்பது போல வழக்கமான செலவு. நம்மிடம் ஒரு தடவை பணம் ஒதுக்கி விழா நடத்திவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் இருக்கிறது. கடல் அப்படி நினைப்பதில்லை.

பணமே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. நிலம் அரிக்கப்படுவதைத் தடுக்க 1,500 கோடி ரூபாயும், அரிப்பால் வீடிழந்தவர்களுக்கு மறுவாழ்வு தர 1,000 கோடி ரூபாயும், 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பதினைந்தாவது நிதிக் கமிஷன் சிபாரிசு செய்தது. ஆற்றங்கரை, கடற்கரை இரண்டுக்கும் சேர்த்த தொகை அது.

புதுச்சேரிக்குப் பொருத்தமான உதாரணம் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் கட்டிய சுவர்களால், பக்கத்து ராஜ்யத்தின் கோல்டு கோஸ்ட் கடற்கரை மெலிந்து போயிற்று. உல்லாசப் பிரயாணிகளை நம்பிப் பிழைக்கிற ஊர் அது. நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து ஆகிய இரு ராஜ்ய சர்க்கார்களும் உட்கார்ந்து பேசிச் செலவைப் பங்கு போட்டுக்கொண்டன. 2001 முதல் அங்கே குழாய்கள் மூலம் மணலை ஒரு பக்கமிருந்து மறுபக்கத்துக்கு ஓயாமல் தள்ளி வருகிறார்கள். புதுச்சேரியும் தமிழ்நாடும் அப்படி ஒரே கணக்குப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால், தலைமைச் செயலகத்துக்கு எதிரே நின்றுவிடாமல், பொம்மையார்பாளையம் வரைக்கும் மணல் நடந்து போக வழி பிறக்கும்.