பினாங்குத் தீவில் இறங்கிய கொடி

1941 டிசம்பர் 11. ஆங்கிலேயர் ஆண்ட மலாயாவில், பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகர வானில் ஜப்பானிய விமானங்கள் வந்தன. குண்டுவீச்சைக் கண்டறியாத மக்கள் தெருவுக்கு வந்து, அண்ணாந்து வேடிக்கை பார்த்தார்கள். குண்டுகள் அவர்கள் நடுவிலேயே விழுந்தன. விமானத்தைச் சுட்டு வீழ்த்த அந்த நகரில் ஒரு பீரங்கிகூட இல்லை.

அடுத்த சில நாட்களில் ஆங்கிலேய அரசு தீவைக் கைவிட முடிவெடுத்தது. 16ஆம் தேதி இரவுக்குள், ஊருக்குச் சொல்லாமலே, ஐரோப்பியர்கள் படகேறினார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் என அங்கேயே வாழ்ந்தவர்களுக்கு அந்தப் படகுகளில் இடமில்லை. பெரும்பாலானோர் வெளியேற்றப்பட்டுவிட்டார்கள் என்று சிங்கப்பூர் வானொலியில் பிரிட்டிஷ் அமைச்சர் டஃப் கூப்பர் பின்னர் பேசியபோது, அவர் கணக்கில் வந்தவர்கள் ஐரோப்பியர்கள் மட்டும்தான். விட்டுவிட்டுப் போனதைவிட, அந்தப் பேச்சுதான் மலாயா மக்களை அதிகம் புண்படுத்தியது என்று தோன்றுகிறது.

ஆங்கிலேயர் கைவிட்டுப் போன தீவில் முன்வந்தவர் இலங்கைத் தமிழரான மாணிக்கசோதி சரவணமுத்து, 'ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியர். பல இனத்தவரும் சேர்ந்த குழுவுக்குத் தலைமையேற்று ஊரின் ஒழுங்கைக் காத்தார். கார்ன்வாலிஸ் கோட்டைக் கம்பத்தில் பிரிட்டிஷ் கொடி இன்னும் பறந்துகொண்டிருந்தது. அது பறக்கும்வரை குண்டுவீச்சு நிற்காதே! அவரே போய் அதை இறக்கினார்.

19ஆம் தேதி ஜப்பானியப் படை வந்திறங்கியது. துறைமுகத்தில் படகுகளும், நகரில் வானொலி நிலையமும் அழிக்கப்படாமல் அவர்கள் கைக்குக் கிடைத்தன.