ஒடுக்கியவர்களுக்கும் ஒரு பள்ளி

ஞாயிறு பள்ளி என்றதும் நமக்குப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். மனப்பாட வசனம், படக்கதை, கிறிஸ்துமஸ் நாடகம். திடப்படுத்தல் முடிந்து முதல் திருவிருந்து எடுத்துவிட்டால் பெரும்பாலோருக்கு அந்தப் படிப்பு முடிந்துவிடும். அதன்பிறகு ஐம்பது வருடம் பிரசங்கம் கேட்பார்கள். பாடம் படிக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் எபிஸ்கோபல் திருச்சபையில் பெரியவர்களும் வகுப்புக்குப் போகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வுபெற்றவர்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள் என்று சிறு குழுவாக உட்கார்ந்து படிக்கிறார்கள். அண்மைக் காலத்தில் அவர்கள் எடுத்துக்கொண்ட பாடங்களில் ஒன்று, தங்கள் திருச்சபை கறுப்பின மக்களுக்குச் செய்த அநீதி. இந்தப் பத்தியில் அதைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு.

எபிஸ்கோபல் திருச்சபை என்றால் பேராயர்களின் தலைமையில் இயங்குகிற திருச்சபை என்று பொருள். இங்கிலாந்துத் திருச்சபையின் அமெரிக்கக் கிளையாக இருந்து, அந்த நாடு விடுதலை பெற்றபின் தனியானது. நம் ஊர்களில் இருக்கும் தென்னிந்தியத் திருச்சபையும் அதற்கு உறவுதான். 1947 செப்டம்பர் 27 அன்று சி.எஸ்.ஐ. உருவானபோது அதில் இணைந்த சபைகளில் ஆங்கிலிக்கன் சபையும் ஒன்று. ஆகவே இது நமக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கதை.

எழுத்து மறுக்கப்பட்ட காலம்

ஞானஸ்நானம் பெற்றால் அடிமைக்கு விடுதலை உண்டா? 17-ஆம் நூற்றாண்டில் வர்ஜீனியாவின் அடிமை முதலாளிகளைக் கலங்க வைத்த கேள்வி இது. 1667-இல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான் என்றது அந்தச் சட்டம். 1740-இல் தென் கரோலினா மாகாணம் அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. வாயால் ஜெபம் சொல்லலாம். கையால் எழுதக் கூடாது. ஆத்துமாவுக்கு மோட்சம் உண்டு, உடம்புக்கு விடுதலை இல்லை.

நாசரேத்திலும் இடையன்குடியிலும் பள்ளிக்கூடங்கள் நடத்திய எஸ்.பி.ஜி. மிஷன் சங்கத்தை நம் பக்கத்துப் பெரியவர்கள் அறிவார்கள். அதே சங்கம் பார்படோஸ் தீவில் கோட்ரிங்டன் என்ற கரும்புத் தோட்டத்துக்கு உரிமையாளராக இருந்தது. அங்கே உழைத்த அடிமைகளின் மார்பில் 'சொசைட்டி' என்ற சொல்லைக் காய்ச்சிய இரும்பால் முத்திரை குத்தினார்கள். நற்செய்தி பரப்ப வந்த சங்கத்தின் பெயர் மனிதத் தோலில் சூடாக விழுந்தது. 2006-இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவை அடிமை முறையில் தனக்கிருந்த பங்குக்கு மன்னிப்புக் கேட்டது.

கடையில் வேலை, இரவில் பள்ளி

இப்படிப்பட்ட காலத்தில், 1746-இல், டெலாவேர் பகுதியில் அடிமையாகப் பிறந்தவர் அப்சலோம் ஜோன்ஸ். கையில் கிடைத்த சில்லறைக் காசைச் சேர்த்து எழுத்துக் கூட்டிப் படிக்கும் புத்தகமும் புதிய ஏற்பாடும் வாங்கித் தானாகவே படித்தார். அவருக்குப் பதினாறு வயதானபோது தாயையும் உடன்பிறந்தவர்களையும் எஜமான் விற்றுவிட்டான். இவரைப் பிலடெல்பியாவுக்குக் கூட்டிப்போய்த் தன் கடையில் வேலைக்கு வைத்தான். பகலெல்லாம் கடை, இரவில் கறுப்பினத்தவருக்கான பள்ளி. நம் ஊர்களில் 1990-களில் அறிவொளி இயக்கத்தின்போது, நாற்று நட்டுத் திரும்பிய பெண்கள் தெருவிளக்கின் கீழ் சிலேட்டோடு உட்கார்ந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படிப்பின் அருமை தெரியும்.

திருமணம் ஆனதும் ஜோன்ஸ் கடன் வாங்கி முதலில் மனைவியின் விடுதலையை விலைக்கு வாங்கினார். அடிமைத் தாய்க்குப் பிறக்கும் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம். பிள்ளைகள் சுதந்திரமாகப் பிறக்க வேண்டும் என்றால் தாய் முதலில் விடுதலையாக வேண்டும். அவருடைய சொந்த விடுதலை 1784-இல்தான் வந்தது.

அவர் தொழுதுவந்த மெதடிஸ்டு ஆலயத்தில் கறுப்பர்களை மாடிக்கு ஒதுக்கினார்கள். ஒருநாள் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தவரை ஆலய நிர்வாகி ஒருவர் பிடித்துத் தூக்க முயன்றார். ஜெபம் முடிந்ததும் கறுப்பின மக்கள் கூட்டமாக எழுந்து வெளியேறினார்கள். 1794-இல் அவர்களுக்கென்று சொந்த ஆலயம் எழுந்தது. அதுதான் புனித தோமா ஆப்பிரிக்க எபிஸ்கோபல் திருச்சபை.

1793-இல் பிலடெல்பியாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியபோது கறுப்பின மக்கள்தான் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணங்களை அடக்கம் செய்தார்கள். காய்ச்சல் ஓய்ந்ததும் அவர்கள் மேல் திருட்டுப் பழி விழுந்தது. ஜோன்ஸும் அவருடைய நண்பர் ரிச்சர்டு ஆலனும் அதற்கு மறுப்பாக ஒரு சிறுநூல் எழுதி அச்சிட்டார்கள். இரவுப் பள்ளியில் எழுதப் பழகிய கை, பழிக்குப் பதில் எழுதியது. எழுதக் கற்றுக்கொடுக்க ஏன் பயந்தார்கள் என்பது இப்போது விளங்கும்.

கிரேக்கம் தெரியாது என்றால்

ஜோன்ஸின் சபையை எபிஸ்கோபல் திருச்சபை சேர்த்துக்கொண்டது. 1795-இல் அவர் உதவி குருவானார். சில ஆண்டுகள் கழித்து குருவாகவும் அபிஷேகம் பெற்றார். அந்தத் திருச்சபையின் முதல் கறுப்பினக் குரு அவர்தான்.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. குருவாக வேண்டுமானால் கிரேக்கமும் லத்தீனும் தெரிந்திருக்க வேண்டும். இவருக்கு அவை தெரியாது. அந்த விதியைத் தளர்த்துகிறோம், பதிலுக்கு உங்கள் சபை மறைமாவட்டப் பேரவையில் பங்கெடுக்கக் கூடாது என்றார்கள். படிக்க விடாதவர்களே படிப்பில்லை என்ற காரணத்தைக் காட்டி வாக்குரிமையைப் பறித்தார்கள். உள்நாட்டுப் போர்க்காலம் வரை அந்தச் சபைக்குப் பேரவைக் கதவு திறக்கவில்லை.

'தகுதி' என்ற சொல்லை இட ஒதுக்கீட்டு விவாதங்களில் கேட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த நிபந்தனையின் முகம் நன்றாகத் தெரியும்.

அறுபது வயதில் இறையியல் மாணவி

பவுலி மரே 1910-இல் பிறந்தவர். 1938-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகம் கறுப்பினத்தவர் என்பதால் அவரைச் சேர்க்க மறுத்தது. அவர் வழக்கறிஞரானார்; இனப் பாகுபாட்டையும் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டையும் சட்டத்தால் எதிர்த்தார். அறுபது வயதைத் தாண்டியபின் இறையியல் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தார். அப்போது அந்தத் திருச்சபையில் பெண்கள் குருவாக முடியாது. 1976-இல் விதி மாறியது. 1977 ஜனவரியில் பவுலி மரே குருவானார். எபிஸ்கோபல் திருச்சபையில் குருவான முதல் கறுப்பினப் பெண் அவர்.

அடுத்த மாதம் அவர் முதன்முறையாகத் திருவிருந்து நடத்தியது வட கரோலினாவில், சேப்பல் ஹில் ஊரில் உள்ள ஓர் ஆலயத்தில். 1854-இல் அவருடைய பாட்டி கொர்னீலியா அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார். ஆலயப் பதிவேட்டில் அந்தச் சிறுமி ஓர் எஜமானியின் உடைமையாகப் பதிவாகியிருக்கிறாள். பேத்தி அதே ஆலயத்தில் பாட்டியின் விவிலியத்தைத் திறந்து வாசித்தார்.

யார் படிக்க வேண்டும்?

இதுவரை பார்த்தது ஒடுக்கப்பட்டவர்கள் படித்த கதை. இதை நாம் பல வடிவங்களில் கேட்டிருக்கிறோம். அம்பேத்கர் முதல் நம் ஊர்ச் சேரிப் பள்ளியின் முதல் தலைமுறை மாணவர் வரை படிப்புக்காகப் பட்ட பாடு நமக்குத் தெரியும். ஒடுக்கியவர்கள் எதைப் படித்தார்கள்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கல்வி என்றாலே கீழே இருப்பவனுக்குத் தேவையானது என்றும், மேலே இருப்பவன் ஏற்கெனவே அறிந்தவன் என்றும் ஒரு நினைப்பு இருக்கிறது.

எபிஸ்கோபல் திருச்சபை 2019-இல் தொடங்கிய ஒரு வகுப்பு இந்த நினைப்பைத் தொட்டது. 'பரிசுத்த பூமி' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். சிறு குழுவாகக் கூடி ஆவணப்படம் பார்த்து, புத்தகம் படித்து, பேச வேண்டும். பல அமர்வுகள். பூர்வகுடிகளின் நிலம் பறிபோனது, கறுப்பர் அடிமையானது, லத்தீன் அமெரிக்கர்களும் ஆசியர்களும் பட்டது எல்லாம் பாடம். யாரும் சேரலாம். ஆனால் வெள்ளையர்கள் தங்களுக்குள் இதைப் பேசக் கற்றுக்கொள்வதற்காகவே இது முதன்மையாக வகுக்கப்பட்டது. பாதிக்கப்பட்டவரை நடுவில் உட்காரவைத்து 'உன் வலியைச் சொல்' என்று கேட்கும் வழக்கத்திலிருந்து இது மாறுபட்டது.

பாடத்தை உருவாக்கிய கேத்ரினா பிரவுன் அமெரிக்காவின் பெரிய அடிமை வணிகக் குடும்பம் ஒன்றின் வழிவந்தவர். தன் முன்னோரின் வணிகத்தைத் தேடிப்போய் 2008-இல் ஆவணப்படம் எடுத்தவர்.

இந்த வகுப்பில் படிக்கும் நூல்களில் ஒன்று ஹோவர்டு தர்மன் 1949-இல் வெளியிட்ட, இயேசுவையும் கைவிடப்பட்டவர்களையும் பற்றிய நூல். தர்மன் கறுப்பின பாப்டிஸ்டு போதகர். அவர் 1935-இல் கொழும்புக்கு வந்தபோது, சட்டக் கல்லூரித் தலைவர் ஒருவர் அவரிடம், உங்கள் மக்களை அடிமைகளாக்கியவர்களின் மதத்தைச் சுமந்துகொண்டு இங்கே எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே அந்த நூல் தொடங்குகிறது. தர்மனின் பாட்டி அடிமையாக இருந்தவர், எழுத்தறியாதவர். பேரனை விவிலியம் வாசிக்கச் சொல்வார். ஆனால் பவுலின் நிருபங்களை, அன்பைப் பற்றிய அதிகாரம் தவிர, வாசிக்க விடமாட்டார். எஜமானுக்குக் கீழ்ப்படி என்று அடிமைகளுக்குப் பிரசங்கித்தவர்கள் எடுத்தது அந்த நிருபங்களிலிருந்துதான். படிப்பறிவில்லாத அந்தப் பாட்டி, எதைக் கேட்க வேண்டும், எதைத் தள்ள வேண்டும் என்று தானே முடிவு செய்தார்.

கண்ணீரும் கணக்கும்

வகுப்பு முடிந்து கண்ணீர் விட்டுக் கலைவதால் எதுவும் மாறிவிடாது. விருப்பப்பட்டவர்தான் வருகிறார், அதிகம் படிக்க வேண்டியவர் வாசலைக்கூட மிதிப்பதில்லை. ஆனாலும் படித்தவர்கள் கணக்குப் பார்க்கத் தொடங்கினால் சில காரியங்கள் நடக்கும். 2008 அக்டோபரில் எபிஸ்கோபல் திருச்சபை அடிமை முறைக்கு உடந்தையாக இருந்ததற்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டது. கேட்ட இடம் அப்சலோம் ஜோன்ஸ் உருவாக்கிய அதே புனித தோமா சபை. 2019-இல் வர்ஜீனியா இறையியல் கல்லூரி 17 லட்சம் டாலர் ஒதுக்கியது. அந்த வளாகத்தில் கூலியில்லாமல் உழைக்க வைக்கப்பட்டவர்களின் வாரிசுகளைத் தேடிப் பிடித்து 2021 முதல் பணம் கொடுக்கிறது. மன்னிப்பு வாயிலிருந்து பெட்டிக்கு வந்தது என்று இதைச் சொல்லலாம்.

உத்தரவு வந்தது, வகுப்பு வரவில்லை

இனி நம் பக்கம். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு உடனே முழுமையாக ஒழிய வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக விலகினார்கள். பிலடெல்பியாவில் அவமதிக்கப்பட்டவர்கள் வெளியேறினார்கள். இங்கே சமமாக உட்காரச் சொன்னதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டவர்கள் வெளியேறினார்கள்.

மேலிருந்து உத்தரவு வந்தது. சாதி பார்ப்பவரை உட்காரவைத்துப் பாடம் நடத்தும் வகுப்பு வரவில்லை. பிறகு தலித் இறையியல் வளர்ந்தது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, எல்லோரும் ஒரே உலையில் சமைத்து உண்பதை இறையியலாகவே கற்பித்தார், பாட்டாகவும் பாடினார். ஆனால் தலித் இறையியல் தலித்துகளுக்கான பாடம் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கல்லறைத் தோட்டம் இரண்டாக இருக்கிற ஊர்களில், எந்தப் பக்கத்தார் அதிகம் படிக்க வேண்டும்?

லெந்து காலத்தில் நாற்பது நாள் உபவாசம் இருக்கிறோம். அந்த நாட்களில் வாரம் ஒரு மாலை பெரியவர்களுக்கு வகுப்பு வைக்க எந்தத் தடையும் இல்லை. சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் அடக்கப் பதிவேட்டையும் எடுத்துப் படிக்கலாம். கோவிலுக்குக் கல் சுமந்தவர்கள் யார், முன் வரிசையில் உட்கார்ந்தவர்கள் யார், கமிட்டியில் இதுவரை யார் யார் இருந்தார்கள் என்று எழுதிப் பார்க்கலாம். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொல்வதில்லை இது. ஊர்க் கோவில் திருவிழாக் கணக்கையும் இப்படியே படிக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. எழுதத் தெரியாத பாட்டி தாத்தாவிடம், எந்தக் கதவு அவர்களுக்கு மூடியிருந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். தேதி, இடம், பெயர் தெரிந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த வகுப்பு என்றைக்காவது தொடங்கும்போது பாடப்புத்தகம் வேண்டும். அதை எழுத வேண்டியவர்கள் நீங்கள். படிக்க வேண்டியவர்கள் அவர்கள்.