கதவு திறந்த மறுநாள்

சிறைக் கதைகளுக்கு வழக்கமான ஒரு முடிவு உண்டு. இரும்புக் கதவு திறக்கும். கையில் துணிப்பையோடு கைதி வெளியே வருவார். வாசலில் யாராவது காத்திருப்பார்கள். கண்ணீர், பின்னணி இசை, வணக்கம். தமிழ்ப் படங்களில் இதை நாம் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம்.

மறுநாள் காலையில் என்ன நடக்கிறது? அவர் எங்கே போய் வேலை கேட்பார்? யார் வாடகைக்கு வீடு தருவார்கள்? பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிடுமா? இந்தக் கேள்விகளைத் தன் கடைசிப் பருவத்தின் நடுவில் வைத்த தொடர் ‘ஆரஞ்ச் இஸ் தி நியூ பிளாக்’. 2013 ஜூலையில் நெட்ஃபிலிக்ஸில் தொடங்கி, 7 பருவங்கள், 91 அத்தியாயங்கள் ஓடி, 2019 ஜூலை 26-இல் வந்த 13 அத்தியாயங்களோடு முடிந்தது. முடிந்து சில ஆண்டுகள் ஆகியும் இன்று புதிதாகப் பார்ப்பவரை அந்தக் கடைசிப் பருவம் உலுக்கிவிடுகிறது. நம் வீட்டுக் கதையும் அதில் கொஞ்சம் இருப்பதுதான் காரணம்.

(இன்னும் பார்க்காதவர்கள் கவனிக்க: கதையின் முடிவுகள் சில இங்கே வரும்.)

உண்மையில் பிறந்த கதை

பைப்பர் கெர்மன் நன்கு படித்த, வசதியான குடும்பத்து அமெரிக்கப் பெண். இளம் வயதில் தன் காதலிக்காகப் போதைப்பொருள் பணத்தைச் சுமந்து சென்றார். பல ஆண்டுகள் கழித்து அந்தக் குற்றம் அவரைத் தேடி வந்தது. 13 மாதங்கள் சிறையில் இருந்தார். அந்த அனுபவத்தை 2010-இல் புத்தகமாக எழுதினார். அதை வைத்து ஜெஞ்சி கோஹன் உருவாக்கியதுதான் இந்தத் தொடர். கதை நடக்கும் லிட்ச்ஃபீல்ட் சிறை கற்பனை. அதன் வேர் உண்மை.

முதல் பருவத்தில் பைப்பர்தான் நாயகி. போகப்போகக் கேமரா அவரை விட்டு விலகி, கறுப்பினப் பெண்கள், லத்தீன் அமெரிக்கப் பெண்கள், வயதானவர்கள், மனநலம் குன்றியவர்கள் என்று ஒவ்வொருவர் பக்கமும் திரும்பியது. ஒவ்வொருத்திக்கும் ஒரு வீடு, ஒரு தவறு, அந்தத் தவறுக்கு முன்னால் ஒரு வாழ்க்கை. ‘கைதி’ என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை பேர் இருக்கிறார்களா என்று பார்ப்பவர் வியக்கும்படி கதையைக் கொண்டுபோனார்கள். சூசன் வேடத்தில் நடித்த உசோ அடுபா, ஒரே பாத்திரத்துக்காக நகைச்சுவைப் பிரிவிலும் நாடகப் பிரிவிலும் எம்மி விருது பெற்றவர்.

வெளியே வந்தவர்கள்

கடைசிப் பருவத்தில் பைப்பர் வெளியே வந்துவிடுகிறாள். ஆனாலும் கண்காணிப்பில் இருக்கிறாள். அதிகாரியைப் போய்ப் பார்க்க வேண்டும், சிறுநீர்ப் பரிசோதனை கொடுக்க வேண்டும், கண்காணிப்புக்கான கட்டணத்தையும் தானே கட்ட வேண்டும். அண்ணன் தம்பி உறவு, அப்பாவின் அலுவலகம் என்று பிடித்துக்கொள்ளக் கிளைகள் இருந்தும் அவள் தடுமாறுகிறாள்.

கிளையே இல்லாதவள் சிண்டி. விடுதலையாகித் தாய் வீட்டுக்குப் போகிறாள். அங்கே அவள் பெற்ற மகளை, அவளுடைய தங்கை என்று சொல்லியே வளர்த்திருக்கிறார்கள். ஒரு கடிதத்தால் உண்மை வெளிப்படுகிறது. வீட்டில் இருக்க முடியாமல் சிண்டி தெருவுக்கு வருகிறாள்.

மனத்தை அதிகம் அறுப்பது டக்கெட்டின் கதை. எழுத்துகளைக் கூட்டிப் படிக்கவே திணறும் பெண் அவள். உயர்நிலைப் பள்ளிக்கு ஈடான தேர்வுக்குச் சிறைக்குள்ளேயே படிக்கிறாள். தேர்வில் அவளுக்குக் கூடுதல் நேரம் கிடைத்திருக்க வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவர் மறந்துவிடுகிறார். தோற்றுப்போய்விட்டோம் என்று நினைத்துப் போதைப்பொருளை நாடி உயிரை விடுகிறாள். பிறகுதான் தெரிகிறது, அவள் தேர்ச்சி பெற்றிருக்கிறாள்.

செய்யாத கொலைக்கு ஆயுள் தண்டனை பெற்ற டேஸ்டி, சாவின் விளிம்புவரை போய்த் திரும்புகிறாள். விடுதலையாகும் பெண்களுக்குச் சிறு கடன் கொடுக்க, காவலர் ஒருவரின் பிடியில் இறந்துபோன தன் தோழி பூசே வாஷிங்டன் பெயரில் ஒரு நிதி தொடங்குகிறாள். முதல் மாத வாடகைக்கும் வேலைக்குப் போட்டுக்கொள்ள நல்ல உடுப்புக்கும் கையில் கொஞ்சம் பணம் வேண்டுமே! தொடரைத் தயாரித்தவர்கள் அதே பெயரில் உண்மையாகவே ஒரு நிதியைத் தொடங்கி, இந்தத் துறையில் உழைக்கும் 8 அமைப்புகளுக்கு உதவி திரட்டினார்கள்.

ஒரு காகிதத்தில் தொங்கும் வாழ்க்கை

இந்தப் பருவத்தின் இன்னொரு களம் குடிநுழைவுத் தடுப்பு முகாம். விடுதலையாகி வெளியே போகும் நாளன்று, காதலன் பூங்கொத்தோடு காத்திருக்க, பிளாங்காவை மட்டும் வேறு வரிசைக்குத் திருப்புகிறார்கள். அவள் நேராகத் தடுப்பு முகாமுக்குப் போகிறாள்.

மாரிட்சா எப்போதோ விடுதலையானவள். தோழிகளோடு வெளியே போன இரவில் சோதனை நடக்கிறது. கையில் அடையாள அட்டை இல்லை. தான் அமெரிக்காவில் பிறந்தவள் என்றே அவள் நம்பியிருக்கிறாள். பிறந்தது கொலம்பியாவில் என்பதை அம்மா அதுவரை சொன்னதில்லை. நாடு கடத்தும் விமானத்தில் பயணிகள் ஒவ்வொருவராகத் திரையிலிருந்து மறைகிறார்கள். மாரிட்சாவும் மறைகிறாள். இருக்கை மட்டும் மிஞ்சுகிறது.

அந்த வேடத்தில் நடித்த டயான் குரேரோவுக்கு 14 வயதாக இருந்தபோது, அவருடைய பெற்றோர் உண்மையிலேயே கொலம்பியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர்கள். அதை அவரே ஒரு நூலாக எழுதியிருக்கிறார்.

தடுப்பு முகாமில் இருப்பவர்கள் உதவி கேட்டு இலவசமாக அழைக்கும் தொலைபேசி எண் ஒன்றும் கதையில் வருகிறது. அதிகாரிகளுக்குத் தெரிந்தால் எண்ணை முடக்கிவிடுவார்கள் என்று பாத்திரங்கள் எச்சரித்துக்கொள்கின்றன. ‘ஃப்ரீடம் ஃபார் இமிகிரண்ட்ஸ்’ என்ற அமைப்பு நடத்திய உண்மையான சேவை அது. தொடர் வெளியான இரண்டு வாரத்துக்குள் முகாம்களிலிருந்து அந்த எண்ணை அழைக்க முடியாமல் போனது. வழக்குப் போட்டு, 2020-இல் நீதிமன்ற உத்தரவு பெற்றார்கள்.

நம் வீட்டு அலமாரியில்

மாரிட்சாவின் கதையை அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட நம்மால் முடியாது. பிறப்புப் பத்திரம் இல்லாமல், சிவப்பு அடையாள அட்டையோடு, அல்லது அதுவும் இல்லாமல் வாழ்ந்த தோட்டத்துக் குடும்பங்களை மலாக்காவிலும் பிற மாநிலங்களிலும் நம் பெரியவர்கள் அறிவார்கள். இவர்களைப் பதிவு செய்வதற்காகவே 2011-இல் ‘மைடாஃப்தார்’ இயக்கம் நடத்தப்பட்டது.

12 வயதில் மைகார்டு எடுக்கப் போகும்போதுதான் பல வீடுகளில் சிக்கல் வெளியே தெரிகிறது. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள திருமணச் சட்டப்படி பதிவு கட்டாயம். பதிவு இல்லாவிட்டால், தந்தை மலேசியராக இருந்தாலும் பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையைப் பொறுத்துப் போய்விடும். தாய் வெளிநாட்டவராகவோ ஆவணம் இல்லாதவராகவோ இருந்தால் பிள்ளை நடுவில் தொங்கும். இப்படிப்பட்டவர் சிறு தவறு செய்து சிறைக்குப் போனால், வெளியே வரும்போது அவர் முன்னால் நிற்பது ஒரு கதவு மட்டுமாக இருக்காது.

வேலூரிலிருந்து திருச்சிக்கு

தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1991-இல் கைதான நளினி, வேலூர் பெண்கள் தனிச்சிறையில் நீண்ட காலம் இருந்தவர். சிறையில் இருந்தபோதுதான் மகளைப் பெற்றார். 2022 நவம்பர் 11-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவரையும் மேலும் 5 பேரையும் விடுவித்தது. அந்தக் குற்றத்தைப் பற்றியும் விடுதலையைப் பற்றியும் மக்களிடையே கடுமையான கருத்து வேறுபாடு உண்டு. அது இருக்கட்டும். விடுதலைக்குப் பின் நடந்ததைப் பாருங்கள்.

நளினி இந்தியக் குடிமகள்; வெளியே வந்தார். அவருடைய கணவர் முருகன் இலங்கைக் குடிமகன். அவரும் சாந்தன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் ஆகியோரும் திருச்சி சிறப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். ஊருக்குத் திரும்பும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்த வேளையில், 2024 பிப்ரவரியில் சாந்தன் சென்னை மருத்துவமனையில் காலமானார். மற்ற மூவரும் அதே ஆண்டு ஏப்ரலில்தான் இலங்கைக்குப் புறப்பட முடிந்தது. நீதிமன்றம் ‘போகலாம்’ என்று சொன்ன பிறகும் ஏறக்குறைய 17 மாதங்கள். பூங்கொத்தோடு நின்ற பிளாங்காவின் காதலன் நினைவுக்கு வருகிறான்.

தெலுக் மாஸ் சாலையில்

மலாக்கா நகரிலிருந்து கடலோரச் சாலையில் செர்காமுக்கு மீன் பாக்கார் சாப்பிட வருகிறவர்கள் தெலுக் மாஸைக் கடந்துதான் வருகிறார்கள். அங்கேதான் ஹென்றி கர்னி பள்ளி இருக்கிறது. சட்டத்தோடு மோதிய இளையோருக்காகச் சிறைச்சாலை இலாகா நடத்தும் பள்ளி அது. அதற்குள்ளும் மாணவர்கள் எஸ்.பி.எம். எழுதுகிறார்கள். டக்கெட்டைப் போலவே, ‘எனக்குப் படிப்பு வராது’ என்று முடிவுகட்டியிருந்த பிள்ளைகளும் அவர்களில் இருப்பார்கள். காஜாங் பெண்கள் சிறையிலும் நம் அக்காமார், அம்மாமார் இருக்கிறார்கள். நாள் வரும்போது அவர்களும் வெளியே வருவார்கள். நம் நாட்டில் 2008 முதல் பரோல் முறையும் நடப்பில் இருப்பதால், தண்டனையின் கடைசிப் பகுதியைச் சிலர் வெளியிலேயே கழிக்கிறார்கள்.

ஆண் ஒருவர் உள்ளே போய் வந்தால், ‘பாவம், கூட்டாளி சரியில்லை’ என்று சொல்லும் அதே வாய், பெண் போய் வந்தால் வேறு மாதிரி பேசுகிறது. வீட்டில் கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்று அவளை வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளையிடம் ‘அம்மா வெளிநாட்டில் வேலை செய்கிறார்’ என்று சொல்லி வைக்கிறார்கள். சிண்டியின் குடும்பம் செய்ததும் இதுதான். அந்தப் பொய்யைக் காப்பாற்ற எல்லாரும் பாடுபடும்போது, திரும்பி வந்தவளுக்கு உட்கார ஒரு நாற்காலிகூட மிஞ்சுவதில்லை.

சட்டமும் சிறையும் செய்ய வேண்டியவை ஒருபுறம் இருக்கட்டும். குடும்பம் செய்யக்கூடியவை சின்னச் சின்ன வேலைகள். உள்ளே இருக்கும்போதே போய்ப் பார்ப்பது, கடிதம் போடுவது. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ் மூன்றையும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்துவது. பிள்ளையின் வயதுக்கு ஏற்ற உண்மையை அதனிடம் சொல்வது. கடையோ பட்டறையோ வைத்திருப்பவர்கள், ‘உள்ளே போய் வந்தவர்’ என்றதும் விண்ணப்பத்தை மூடிவைக்காமல் ஒரு மாதம் வேலை கொடுத்துப் பார்ப்பது.

தொடரைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். பெரியவர்களுக்கு மட்டுமே உரிய காட்சிகளும் பேச்சும் நிறைய உண்டு. பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள். முதல் பருவத்திலிருந்து தொடங்கினால்தான் கடைசிப் பருவத்தின் வலி புரியும். பார்த்து முடித்ததும், உங்கள் தாமானிலோ உறவிலோ அப்படித் திரும்பி வந்த யாராவது இருந்தால், வரும் தீபாவளிக்கு ஒரு தட்டுப் பலகாரத்தோடு அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.