பட்டர்வொர்த்தில் பணி முடித்து மறுபடியும் பறந்த சேபர்

முகாம் வாசலிலோ அருங்காட்சியக முற்றத்திலோ நிறுத்தி வைத்திருக்கும் பழைய போர் விமானத்தைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளை அதன் முன்னால் நிற்க வைத்துப் படமும் எடுத்திருப்பீர்கள். பெரும்பாலும் அதற்குள் இயந்திரம் இருக்காது. சாயம் அடித்த வெறும் கூடுதான். ஆனால், நம் நாட்டில் பணி முடித்து ஒதுக்கப்பட்ட ஒரு ஜெட் விமானம் அப்படிக் கூடாகி நிற்காமல் மறுபடியும் வானத்தில் ஏறியது. அது ஒரு சேபர். எண் ஏ94-983.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீதனம்

புக்கிட் ரம்பாய், தஞ்சோங் கிளிங் வட்டாரத்துக்கு அருகே இருக்கும் தெரெண்டாக் முகாமில் ஒரு காலத்தில் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ், நியூசிலாந்து ராணுவத்தினர் தங்கியிருந்தார்கள். அதே காலத்தில் ஆஸ்திரேலிய விமானப் படை வடக்கே பட்டர்வொர்த்தில் இருந்தது. 1958ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே சேபர் விமானங்கள் வந்து இறங்கின.

சேபர் மூலத்தில் அமெரிக்க விமானம். ஆஸ்திரேலியர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் ஏவான் இயந்திரத்தை அதில் பொருத்தினார்கள். அதற்காக உடற்பகுதியின் பெரும்பங்கை மாற்றி வரைய வேண்டியிருந்தது. ஆறு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்த இடத்தில் 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டு வந்தன. முதல் விமானம் 1953இல் பறந்தது. மெல்பர்ன் தொழிற்சாலையில் மொத்தம் 112 சேபர்கள் தயாராயின.

ஆஸ்திரேலியா புதிய மிராஜ் விமானங்களுக்கு மாறியபோது, 1969 முதல் சில சேபர்களை மலேசியாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. அரச மலேசிய ஆகாயப் படையின் 11ஆவது ஸ்குவாட்ரன் அவற்றைப் பறக்கவிட்டது. 983 நம் படையில் எஃப்எம்1983 ஆனது. 1975இல் எஃப்-5இ டைகர் விமானங்கள் வந்தன. சேபர்களின் காலம் முடிந்தது.

எழுபதுகளின் இறுதியில் மலேசியா 983ஐ ஆஸ்திரேலியாவுக்கே திருப்பி அன்பளிப்பாகக் கொடுத்தது. வந்த சீதனம் பிறந்த வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

பிரித்தால் போதாது, சேர்க்கவும் வேண்டும்

நின்றுபோன ஜெட் விமானத்தை எழுப்புவது பழைய காருக்கு இன்ஜின் மாற்றுவது போன்ற வேலை இல்லை. நம் நாட்டு வெயிலும் ஈரக்காற்றும் அலுமினியத்தை உள்ளேயே அரிக்கும். வெளிச் சாயம் பளபளக்கும். உள்ளே ஆணி அடித்த மூட்டுகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அதனால் தகடு தகடாகத் திறந்து பார்க்க வேண்டும்.

சேபரில் ஒரு வசதி உண்டு. அதன் பின்பகுதியை வாலோடு சேர்த்து முழுதாகக் கழற்றலாம். இயந்திரம் அப்படியே கண்ணுக்குத் தெரியும். அதன் சுழலும் இலைகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். ஹைட்ராலிக் குழாய்களின் ரப்பர் வளையங்கள் காய்ந்திருந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். மின்கம்பிகளின் உறை உதிர்ந்திருக்கும். விமானியை வெளியே தூக்கி எறியும் இருக்கையில் உள்ள வெடிமருந்துக்கும் காலாவதித் தேதி உண்டு.

எல்லாவற்றையும் விடக் கடினமானது காகித வேலைதான். எந்தப் பாகம் எத்தனை மணி நேரம் ஓடியது, யார் கழற்றினார், யார் கையெழுத்துப் போட்டார் என்ற பதிவு இல்லாவிட்டால் அந்தப் பாகத்தை நம்பி யாரும் பறக்க மாட்டார்கள். கழற்றும் ஒவ்வொரு திருகுக்கும் சீட்டுக் கட்டி வைப்பது அதற்காகத்தான். முடிந்த பிறகும் உடனே பறக்க முடியாது. முதலில் நின்ற இடத்திலேயே இயந்திரத்தை ஓட்டுவார்கள். பிறகு ஓடுபாதையில் மெதுவாக உருட்டுவார்கள். வேகமாக ஓட்டி பிரேக்கைச் சோதிப்பார்கள். அதன் பிறகே விமானி மேலே எழும்புவார்.

983 எண்பதுகளின் தொடக்கத்தில் முதல்முறை இப்படி எழுந்தது. பிறகு மீண்டும் நின்றுபோனது. நியூ சவுத் வேல்ஸின் தெமோரா விமான அருங்காட்சியகத்தில் மறுபடியும் வேலை பார்த்தார்கள். 2009இல் இரண்டாம் முறையாகப் பறந்தது. 2019இல் அருங்காட்சியகம் தன் பழைய விமானங்கள் பலவற்றை ஆஸ்திரேலிய விமானப் படைக்கே ஒப்படைத்தது.

நம்மிடம் இருப்பது என்ன?

இந்த வேலை நமக்குப் புதிதல்ல என்று சொல்ல ஒரு சான்று உண்டு. எண்பதுகளில் மலேசியா அமெரிக்காவின் பழைய ஸ்கைஹாக் விமானங்கள் 88ஐ வாங்கியது. அவற்றில் 40ஐ மட்டும் பிரித்துப் புதுப்பித்தார்கள். ஒருவர் அமரும் விமானங்கள் ஆறின் உடலை நீட்டி இரண்டாவது இருக்கையும் வைத்தார்கள். அந்த வேலை நடந்தது அமெரிக்காவில். ஆனாலும் இங்கே வந்தபின் அவற்றைப் பராமரித்தவை நம் நாட்டுக் கைகள்.

அந்தக் கைகளுக்கு இப்போது வயதாகிவிட்டது. இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொன்ன தொழில்நுட்பர்கள், வரைபடத்தில் இல்லாத சூட்சுமங்களை அறிந்தவர்கள் ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்கள். 983 பறந்ததற்குக் காசு மட்டும் காரணம் இல்லை. வரைபடமும் பாகங்களும் கிடைத்தன. வேலை தெரிந்தவர்களும் இருந்தார்கள். இந்த மூன்றில் பாகத்தைத் தேடி வாங்கலாம், வரைபடத்தை நகல் எடுக்கலாம். வேலை தெரிந்தவர் போய்விட்டால் அவர் அறிந்ததும் போய்விடும்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஆகாயப் படையில் வேலை பார்த்த பெரியவர் இருந்தால், ஒரு மாலை நேரம் அவரிடம் உட்காருங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பழைய படங்களின் பின்பக்கம் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். விமானத்தை எழுப்பும் வேலையும் ஒவ்வொரு பாகத்துக்கும் சீட்டுக் கட்டுவதில்தான் தொடங்குகிறது.