தொட்டால் பூ மலரும் (பாடல்)

தொட்டால் பூ மலரும் என்பது 1964 ஆம் ஆண்டில் வெளியான படகோட்டி திரைப்படத்தில் இடம்பெற்ற பாடலாகும். இதன் வரிகள் 2004 ஆம் ஆண்டில் நியூ திரைப்படத்தில் புதிய மெட்டில் மீண்டும் பாடப்பட்டன. பழைய பாடலொன்றை மறுஆக்கம் செய்யும்போது எது மாறலாம், எது நிலைக்கிறது என்பதை அறிய இவ்விரு வடிவங்களும் உதவுகின்றன.

மூலப் பாடல்

கவிஞர் வாலி இயற்றிய இப்பாடலுக்கு விசுவநாதன் - இராமமூர்த்தி இணையர் இசையமைத்தனர். டி. எம். சௌந்தரராஜன், பி. சுசீலா ஆகியோர் பாடினர். திரையில் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் தோன்றினர். மெட்டு சுத்த தன்யாசி இராகத்தை ஒட்டியது. இவ்விணையர் 1965 இல் பிரிந்தனர்.

மறுஆக்கம்

எஸ். ஜே. சூர்யா இயக்கிய நியூ படத்தில் ஏ. ஆர். ரகுமான் வாலியின் வரிகளை எடுத்துக்கொண்டு, மெட்டைப் புதிதாக அமைத்தார். அரிகரனும் அரிணியும் பாடினர்.

ஒப்பீடு

மறுஆக்கங்களை மூன்று வகைப்படுத்தலாம்.

* சொல் நிலைத்து மெட்டு மாறுவது: தொட்டால் பூ மலரும்.
* மெட்டு நிலைத்துத் தாளமும் கருவிகளும் மாறுவது: சொர்க்கம் (1970) படத்தின் 'பொன்மகள் வந்தாள்' பாடலை அழகிய தமிழ் மகன் (2007) படத்திற்காக ரகுமான் மறுகலவை செய்தது.
* சொல்லும் மெட்டும் நிலைத்துப் பாடும் முறை மாறுவது: பாப் டிலன் 1967 இல் வெளியிட்ட 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' என்னும் பாடலை 1968 இல் ஜிமி ஹென்றிக்ஸ் மின்கித்தாரில் ராக் இசையாக்கியது. பின்னர் டிலனே மேடைகளில் ஹென்றிக்ஸ் வடிவத்தை ஒட்டிப் பாடினார்.

முதல் வகை அரிது. திரைப்பாடலை மெட்டைக் கொண்டே பலரும் அடையாளம் காண்பர். மெட்டு மாறினால் பாடலே வேறாகிவிடும். இங்கு அவ்வாறு ஆகாமைக்குப் பாடலின் அமைப்பே காரணம் எனலாம். தூண்டினால் மட்டுமே மாறும் இயற்கைப் பொருளையும், தூண்டாமலே மாறும் காதலரையும் வாலி அடுத்தடுத்து எதிர்நிறுத்துகிறார். அளவொத்த சிறு தொடர்களில் அமைந்த அம்முரண் வேறு மெட்டிலும் கேட்பவருக்கு எளிதில் விளங்குகிறது.

சட்டநிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தப்படி, ஓர் ஒலிப்பதிவு வெளிவந்து ஐந்து ஆண்டுகள் கழிந்தபின், உரிய உரிமத்தொகை செலுத்தி அப்பாடலை மற்றவர் மீண்டும் பதிவு செய்யலாம். ஆயினும் வரிகளையோ மெட்டையோ மாற்ற உரிமையாளரின் இசைவு தேவை. ஒலிப்பதிவுக்கு இன்றியமையாத தொழில்நுட்ப மாற்றங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. எனவே எது மாறியது என்பது சுவை பற்றிய வினா மட்டுமன்று; மூலப் படைப்பாளரின் உரிமை பற்றியதும் ஆகும்.