முதலும் உறவும் – 11: கெட்ட செய்தியை யார் முதலில் சொல்வது?

முதலீடு வாங்கும்போது கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சென்ற வாரம் பார்த்தோம். கையெழுத்துப் போட்ட பிறகு வரும் எட்டு, பத்து வருடங்களை எப்படி ஓட்டுவது என்பதுதான் இந்த வாரம். அதற்குப் பெங்களூரு வரை போக வேண்டாம். சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகும் பஸ்ஸில் ஏறினால் போதும்.

கரிசல் காட்டுக்குள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு நிற்கும் பட்டாசு ஆலைகளின் சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது என்பதற்காக அந்த இடைவெளி. வெடிமருந்து புழங்கும் அறைக்குள் எத்தனை பேர் உட்காரலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. 'நம்மூர்ல அவரு ஆலை வச்சிருக்காரு' என்று யாராவது சொன்னால் அடுத்த கேள்வி, 'நாக்பூர் லைசென்ஸா, டி.ஆர்.ஓ. லைசென்ஸா?' என்பதுதான். நாக்பூர் என்றால் மத்திய வெடிபொருள் கட்டுப்பாட்டுத் துறை தருவது, பெரிய ஆலை. டி.ஆர்.ஓ. என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் தருவது, சிறிய ஆலை.

இந்த அறைகளில் புரளும் பணம் முழுவதும் ஆலைக்காரருடையது அல்ல. தீபாவளி முடிந்து சில வாரங்களில் ஆலை திறந்துவிடும். காகிதக் குழாய், திரி, வெடியுப்பு, அலுமினியப் பவுடர் எல்லாம் வாங்கியாக வேண்டும். வாரம் தவறாமல் கூலி கொடுத்தாக வேண்டும். ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டு விற்பனையைத் தொடங்கும்போது வருடத்தில் பாதி கழிந்திருக்கும். சரக்கு முழுவதும் காசாவது அடுத்த தீபாவளிக்குத்தான். இடைப்பட்ட மாதங்களைப் பெருமளவு தாங்குவது மொத்த வியாபாரிகள் கொடுக்கும் அட்வான்ஸ். வட மாநிலத்தில் கடை வைத்திருக்கும் ஒருவர், இன்னும் செய்யப்படாத சரக்கை நம்பி இங்கே பணம் அனுப்புகிறார். அது பங்கு முதலீடு அல்ல, ஒரு பருவத்தில் தீர வேண்டிய கணக்கு. ஆனாலும் ஸ்டார்ட்அப் நிறுவனர் தன் முதலீட்டாளரிடம் சந்திக்கும் சிக்கல்கள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன.

2018 அக்டோபர் 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு இரண்டே வாரம். பசுமைப் பட்டாசு மட்டுமே தயாரிக்கலாம், சரவெடி கூடாது, பேரியம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே 'பச்சை உப்பு' என்று சொல்லும் பேரியம் நைட்ரேட் இல்லாமல் அன்றைக்குப் பல ரகங்களுக்குக் கலவையே கிடையாது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. சரவெடிக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்த ஆலைக்காரர் ஒருவருக்கு அன்று இரண்டே வழிதான். 'சரக்கு இந்த வருஷம் வராது, உங்க பணத்துல இவ்வளவு மருந்தாவும் பேப்பராவும் கிடக்கு, இவ்வளவு கூலியாப் போயிடுச்சு' என்று தானே போன் செய்து சொல்வது ஒன்று. 'பார்க்கலாம் சேட், ஏதாவது வழி பிறக்கும்' என்று நாளைத் தள்ளுவது இன்னொன்று. முதல் வழியில் போனவரிடம் வியாபாரி கத்துவார், கோபப்படுவார், பிறகு கணக்கைப் பேச உட்காருவார். இரண்டாவது வழியில் போனவரைப் பற்றி மூன்றாம் மனிதர் சொல்லித்தான் வியாபாரிக்குத் தெரியவரும். அதன் பிறகு உண்மையையே சொன்னாலும் காதில் ஏறாது.

நஷ்டத்தால் முறியும் உறவை விட, நஷ்டத்தை ஒளித்ததால் முறியும் உறவே அதிகம். முதலீட்டாளருக்கு மாதம் ஒரு பக்கக் கடிதம் போதும்: கையில் எவ்வளவு பணம், அது எத்தனை மாதம் தாங்கும், எது சொதப்பியது, எதில் உங்கள் உதவி வேண்டும். நல்ல மாதத்திலும் அனுப்புங்கள், கெட்ட மாதத்திலும் அனுப்புங்கள். நல்ல மாதத்தில் மட்டும் கடிதம் வந்தால், வராத மாதத்தின் அர்த்தத்தை முதலீட்டாளர் தானே ஊகித்துக்கொள்வார்.

அடுத்தது, பணத்துக்கும் வேலைக்கும் நடுவில் விழும் தூரம். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்ளே அறைகளைப் பலர் உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டியது விசாரணையில் வெளிவந்தது. குத்தகைக்காரருக்குப் போட்ட காசைப் பருவத்துக்குள் எடுக்கும் அவசரம். உரிமக்காரருக்கு வாடகை வந்தால் சரி. அறைக்குள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், எவ்வளவு மருந்து குவிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டியவர் யார் என்பதே தெரியாத நிலை. வெடிமருந்து இல்லாத தொழிலில் இந்த அவசரம் உயிரை வாங்காது, ஆனால் நிறுவனத்தை வாங்கிவிடும். பணத்தைக் கொடுத்துவிட்டு விளைச்சலை மட்டும் கேட்கும் முதலீட்டாளர், அந்த விளைச்சலைக் காட்ட எந்த விதியையும் வளைக்கும் நிறுவனர் – இந்த ஜோடி வெகுதூரம் போகாது. வருடத்துக்கு ஒருமுறையாவது முதலீட்டாளரைத் தொழில் நடக்கும் இடத்துக்குக் கூட்டி வாருங்கள். கூட்டி வரத் தயக்கமாக இருந்தால், அந்தத் தயக்கத்துக்கு என்ன காரணம் என்று முதலில் பாருங்கள்.

பிரிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தா போனார்கள். திரும்பி வந்து சேர்ந்து தொழில் தொடங்கினார்கள். 1926-ல் தனித்தனி ஆலைகளாகப் பிரிந்தார்கள். சிவகாசியின் தீப்பெட்டியும் பட்டாசும் வளர்ந்த வரலாற்றில் இரண்டு பெயர்களுமே இருக்கின்றன. சேர்ந்தே இருப்பதுதான் நீடித்த உறவு என்று நினைக்க வேண்டாம். பிரிந்த பிறகும் இருவரின் தொழிலும் உயிரோடு இருந்தால் அதுவும் நல்ல கூட்டுதான்.

யாரிடம் பணம் வாங்கினோம் என்பதோடு, அவரிடம் உள்ள பங்கு பிறகு யார் கைக்குப் போகும் என்பதும் முக்கியம். இந்த வட்டாரத்து வியாபாரிகளுக்கு இது நன்றாகத் தெரியும். மகமை வசூலித்தும் பிடி அரிசி சேர்த்தும் பள்ளிக்கூடம் நடத்திய நாடார் சமூகத்தின் முயற்சியில், 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி பிறந்தது. 1962-ல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி ஆனது. 1990-களில் அதன் பெரும்பான்மைப் பங்குகள் எஸ்ஸார் குழுமத்துக்குப் போய், அங்கிருந்து தொழிலதிபர் சிவசங்கரன் கைக்கு வந்தன. பங்குகளை மீட்கச் சமூகத்தார் பணம் திரட்ட வேண்டியிருந்தது. வழக்குகள் வருடக்கணக்கில் இழுத்தன. வங்கி பங்குச் சந்தையில் பட்டியலானது 2022 செப்டம்பரில்தான். விற்க நினைக்கும் பங்குதாரர் முதலில் நமக்குத்தான் சொல்ல வேண்டும் என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் இன்றைய நிறுவனர்கள் கேட்டு வாங்குவது இப்படி நேராமல் இருக்கத்தான்.

நீடித்த கூட்டுக்கு நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் மென்பொருள் நிறுவனத்தில் ஆக்செல் என்ற முதலீட்டு நிறுவனம் 2011-ல் 10 லட்சம் டாலர் போட்டது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி, 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தையில் மணி அடித்தபோதும் ஆக்செல் அதன் பங்குதாரராக இருந்தது. பத்து வருடக் காத்திருப்பு. எல்லா முதலீட்டாளராலும் இப்படிக் காத்திருக்க முடியாது. அவர்கள் கையில் இருப்பதும் பிறர் பணம், அதைத் திருப்பித் தரக் கெடு உண்டு. ஆகவே பணம் வாங்கும் முன் கூச்சப்படாமல் கேளுங்கள்: 'உங்கள் ஃபண்டுக்கு இன்னும் எத்தனை வருஷம் இருக்கிறது?' ஏழு வருடம் வேண்டிய தொழிலுக்கு மூன்று வருடக் கெடு உள்ள பணம் வந்தால், நான்காவது வருடம் இருவருமே நல்லவர்களாக இருந்தும் சண்டை வரும். கிரீஷ் முன்பு வேலை பார்த்த ஸோஹோ வெளியாரிடம் முதலீடே வாங்காமல் வளர்ந்தது. அதுவும் ஒரு வழி. பொருந்தாத பணத்தை வாங்குவதைவிட வாங்காமல் இருப்பது எவ்வளவோ மேல்.

இதைப் படிக்கும் நிறுவனர்கள் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் முதலீட்டாளருக்கு இன்னும் சொல்லாமல் வைத்திருக்கும் செய்தி ஏதாவது இருக்கும். வேறு யாராவது சொல்வதற்குள் அதை நீங்களே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

(அடுத்த வாரம்: சொந்தக்காரரிடம் முதல் வாங்கலாமா?)