வலிந்து காணாமலாக்கப்படுதல்

வலிந்து காணாமலாக்கப்படுதல் என்பது, அரசின் முகவர்களோ அரசின் அனுமதியுடனும் ஆதரவுடனும் செயல்படுபவர்களோ ஒருவரைக் கைது செய்து அல்லது கடத்திச் சென்று, பின்னர் அதை மறுப்பது அல்லது அவரது கதியையும் இருப்பிடத்தையும் மறைப்பது ஆகும். இதனால் அவர் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளப்படுகிறார். ஆண்டுதோறும் ஆகத்து 30 அனைத்துலக காணாமலாக்கப்பட்டோர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பன்னாட்டுச் சட்டம்

இது குறித்த பன்னாட்டு உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006 திசம்பர் 20 அன்று ஏற்றுக்கொண்டது. 2010 திசம்பர் 23 அன்று அது நடைமுறைக்கு வந்தது. போர், அரசியல் குழப்பம், நெருக்கடிநிலை என எதையும் இச்செயலுக்குக் காரணமாகக் காட்ட முடியாது என்கிறது 1ஆம் உறுப்புரை. 4ஆம் உறுப்புரை, உறுப்பு நாடு ஒவ்வொன்றும் தன் குற்றவியல் சட்டத்தில் இதைக் குற்றமாக்க வேண்டும் என்கிறது.

தனிக் குற்றமாக்குவதன் தேவை

கொலைக் குற்றம் சாட்ட மரணம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். உடலே கிடைக்காத நிலையில் அது கடினம். ஆட்கடத்தல் பிரிவுகளோ, பிடித்துச் சென்ற பின் "எங்களிடம் இல்லை" என்று அதிகாரிகள் மறுப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்த மறுப்பே இக்குற்றத்தின் மையம். காணாமலாக்கப்பட்டவரின் கதி தெரியும்வரை குற்றம் தொடர்வதாகக் கருதப்படுகிறது.

இலங்கை

இலங்கை 2016 மே மாதத்தில் உடன்படிக்கையை ஏற்புறுதி செய்தது. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதைக் குற்றமாக்கி, 20 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்தது. ஆனால் உள்நாட்டுப் போர்க்காலத்தில் நடந்தவற்றுக்கு இச்சட்டம் பொருந்தும் என்று அதில் வெளிப்படையாகக் கூறப்படவில்லை. 2016இன் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தின் கண்டறிதல்கள், எவருக்கும் குற்றவியல் பொறுப்பை ஏற்படுத்தா. கிளிநொச்சியில் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய தொடர் போராட்டம், தங்கள் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்ற கேள்வியையே முன்வைத்தது.

இந்தியா

இந்தியா 2007 பெப்ரவரி 6 அன்று கையொப்பமிட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. தனிக் குற்றப்பிரிவும் இல்லை. நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மார்ச்சில் கேரளக் காவல்துறை பிடித்துச் சென்ற கோழிக்கோடு பொறியியல் மாணவர் ராசனின் உடல் கிடைக்கவேயில்லை. அவரது தந்தை ஈச்சர வாரியர் 1977இல் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கைத் தொடர்ந்து முதலமைச்சர் கே. கருணாகரன் பதவி விலகினார். ஆட்கொணர்வு மனு காவலில் உள்ளவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தச் செய்யும். மறைத்தவரைத் தண்டிக்க அது மட்டும் போதாது.